கரும்புத் தீவும் சர்க்கரை நோயும்



இன்றைய பேச்சு ஒரு தீவைப் பற்றியது. அதன் பெயர் மொரீசியஸ். அது இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்ற பெரிய தீவு உண்டு. அதற்கும் கிழக்கே இருக்கும் சின்னத் தீவு இது.

அந்தத் தீவுக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1834ஆம் ஆண்டு முதல் வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து கூலி ஆட்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். எதற்கு? கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய. பீகார்ப் பக்கத்திலிருந்து போனார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் போனார்கள். மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேர். பலர் ஊர் திரும்பவே இல்லை. இன்று அந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அவர்களுடைய வழிவந்தவர்கள்தான். மற்றவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களின் சந்ததியார் உண்டு. அவர்களைக் கிரியோல் மக்கள் என்பார்கள். சீனர்களும் உண்டு.

அங்கே ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தா விடிவதற்கு முன்னே எழுந்தார். தோட்டத்துக்கு நடந்து போனார். வெயிலில் குனிந்து கரும்பு வெட்டினார். பொழுது சாய்ந்த பிறகு நடந்து வந்தார். சாப்பாடு அளவாகத்தான் கிடைத்தது.

1970க்குப் பிறகு துணி தைக்கும் தொழிற்சாலைகள் வந்தன. சுற்றுலா விடுதிகள் வந்தன. பேரன் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போனார். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்தார். கையில் காசு வந்தது. தெருக்கடையில் மைதா மாவில் செய்த பருப்புப் பூரி, எண்ணெயில் பொரித்த மிளகாய் வடை, இனிப்பான குளிர்பானம் எல்லாம் வாங்க முடிந்தது.

காசு வந்தது நல்லதுதான். அந்தப் பழைய கூலி வாழ்க்கை யாருக்கும் திரும்ப வர வேண்டாம். ஆனால் உடம்புக்கு வேலை குறைந்தது. சாப்பாடு கூடியது. அங்கேதான் சர்க்கரை நோய் உள்ளே நுழைந்தது.

அது எப்படி வருகிறது? உண்ணும் சோறும் ரொட்டியும் வயிற்றில் சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் என்ற நீர் அதை உடம்பின் சதைகளுக்குள் சேர்க்கிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். முதலில் வலி இருக்காது. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் கண் பார்வை மங்கும். சிறுநீரகம் கெடும். காலில் வந்த புண் ஆறாது. காலையே எடுக்க நேரிடும். உழைத்துச் சோறு போடும் ஒருவர் காலை இழந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

1987இல் மொரீசியஸ் அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 5,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். இந்துக்களுக்கு இருந்தது. முஸ்லிம்களுக்கு இருந்தது. கிரியோல் மக்களுக்கும் சீனர்களுக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் சீன நாட்டில் இந்த நோய் மிகக் குறைவு. அங்கே இருந்த சீனருக்கு அரிதாக இருந்த நோய், தீவில் இருந்த சீனருக்கு ஏன் வந்தது?

"எங்கள் அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது. எல்லாம் தலையெழுத்து" என்று பலர் சொல்வார்கள். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. இந்த மக்கள் எல்லோருக்கும் ஒரே பரம்பரை அல்ல. வாழும் முறைதான் ஒன்று.

அரசு சும்மா இருக்கவில்லை. அதே 1987இல் ரேஷன் எண்ணெயை மாற்றியது. அதுவரை கொடுத்தது பெரும்பாலும் பாமாயில். அதற்குப் பதிலாகச் சோயா எண்ணெய் கொடுத்தது. பள்ளிகளிலும் வானொலியிலும் உடல்நலம் பற்றிப் பிரசாரம் செய்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 1992இல், மறுபடியும் சோதித்தார்கள். மக்களின் இரத்தத்தில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. புகை பிடிப்பது குறைந்திருந்தது. இது பெரிய வெற்றி. ஆனால் மக்களின் உடல் எடை கூடியிருந்தது. சர்க்கரை நோய் குறையவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எண்ணெயை அரசு மாற்றிக் கொடுக்கலாம். தட்டில் எவ்வளவு சோறு போடுவது என்பதை அடுப்படியில்தான் முடிவு செய்ய வேண்டும். நடப்பதும் அவரவர் கால்தான்.

அதற்காக அரசுக்கு வேலை இல்லை என்று சொல்லக் கூடாது. மொரீசியஸ் அரசு 2009இல் பள்ளிக்கூடங்களில் இனிப்புக் குளிர்பானம் விற்கத் தடை போட்டது. 2013இல் குளிர்பானத்தில் எத்தனை கிராம் சர்க்கரையோ, அதற்கு ஏற்ப வரி போட்டது. ஆனாலும் போராட்டம் முடியவில்லை. 2021இல் எடுத்த கணக்கிலும் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. வந்த பிறகு விரட்டுவது கடினம். வருமுன் காப்பதே எளிது.

காக்க முடியுமா? முடியும். அதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களை, ஆனால் நோய் இன்னும் வராதவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார்கள். அடிக்கடி விசாரித்து ஊக்கம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழிந்தது. முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடந்தவர்கள் பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. நூறு பேரில் 16 பேர் தப்பினார்கள். மாத்திரை இல்லை, பெரிய செலவும் இல்லை.

எனவே செய்ய வேண்டியது இதுதான். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சோற்றின் அளவைக் குறையுங்கள். காயையும் கீரையையும் பயறையும் கூட்டுங்கள். தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தாகத்துக்குக் குளிர்பானம் வேண்டாம், தண்ணீர் போதும். 30 வயது ஆனவர்கள் அரசு மருத்துவமனையில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். காலைத் தினமும் பாருங்கள். செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள்.

தனியாக நடந்தால் நாலு நாளில் சலிப்பு வரும். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். தீவுக்குப் போன தாத்தா பிழைப்புக்காக நடந்தார். பேரன் பேத்திகள் உயிர் பிழைக்க நடக்க வேண்டும்.

நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்.