முற்றத்துக்கும் மார்க் உண்டு

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நம்ம கூட்டமைப்புக்குச் சொந்தக் கட்டடம் கட்டப் போறோம். போன கூட்டத்தில், அந்த இடத்தில் நிற்கும் வேப்பமரத்தை எடுத்துட்டு, சுத்தி முழுக்க சிமெண்ட் போட்டுடலாம்னு பேச்சு வந்தது. அதைப் பத்தித்தான் பேச வந்தேன்.

நாலு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் செஞ்சேன். குழுவில் கடன் வாங்கி, வாசலில் இருந்த புங்கமரத்தை வெட்டிட்டு தளம் போட்டேன். இனிமே இலை பெருக்க வேண்டாம், சேறு இல்லைன்னு சந்தோஷம். சித்திரை வந்தது. ராத்திரி பத்து மணிக்கும் தளம் சுட்டது, திண்ணையில் உட்கார முடியலை. ஐப்பசி மழையில் தண்ணி இறங்க இடமில்லாமல் பக்கத்து வீட்டு அத்தை வீட்டுக்குள்ளே போச்சு. ஒரு மாசம் அவங்க என்கிட்ட பேசலை. அப்புறம் மதில் ஓரமா ரெண்டடி அகலத்துக்குத் தளத்தை உடைச்சு, செம்பருத்தியும் நொச்சியும் வெச்சேன். போடவும் காசு, உடைக்கவும் காசு.

பசுமைக் கட்டடம்னா பச்சை பெயிண்ட் அடிச்சதுன்னு நினைச்சிருந்தேன். என் பொண்ணு போனில் எடுத்துக் காட்டினப்போதான் விளங்கியது. நம்ம நாட்டிலேயே 'கிரிஹா'ன்னு ஒரு தரச்சான்று இருக்கு. 2007-ல் அதை தேசிய அளவில் ஏத்துக்கிட்டாங்க. கட்டடத்துக்கு மார்க் போட்டு, ஒண்ணு முதல் அஞ்சு நட்சத்திரம் வரை தர்றாங்க. ஐதராபாத்தில் உள்ள சி.ஐ.ஐ. கோத்ரேஜ் பசுமை வணிக மையம் 2003-ல் 'லீட்' என்ற அமெரிக்கச் சான்றில் உயர்ந்த பிளாட்டினம் வாங்கியது. அங்கே கூரை மேலேயே தோட்டம்.

இந்தச் சான்றுகளில் சுவருக்கும் விளக்குக்கும் மட்டும் மார்க் இல்லை. சுத்தி இருக்கும் நிலத்துக்கும் உண்டு. இருக்கிற மரத்தைக் காப்பாத்தினீங்களா, தோண்டின மேல்மண்ணைப் பத்திரமா வெச்சு மறுபடி போட்டீங்களா, அந்த ஊர் மண்ணில் கொஞ்சத் தண்ணியில் வளர்ற செடி வெச்சீங்களா, மழைத்தண்ணி மண்ணில் இறங்குதா, வெயிலில் சூடேறும் தரையைக் குறைச்சீங்களான்னு பார்க்கிறாங்க. இதுக்குன்னே படிச்சவங்களை நிலத்தோற்ற வடிவமைப்பாளர்னு சொல்றாங்க. நம்ம பாட்டிங்க படிக்காமலே செஞ்ச வேலை.

சான்று வாங்கப் பணம் கட்டணும், நமக்கு அது வேண்டாம். அதில் இருக்கிற கணக்கு வேணும். ஆயிரம் சதுர அடி இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தா சுமார் 930 லிட்டர் தண்ணி. பதினைந்து லிட்டர் குடத்தில் அறுபது குடத்துக்கு மேல. கோடையில் ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் நிற்கிறோம்? அறுபது குடத்தைத் தெருவில் விடலாமா?

தூரம் போக வேண்டாம். ரமணாசிரமத்து வாசலில் பெரிய இலுப்பைமரம் நிற்குது. பங்குனி வெயிலில் கிரிவலம் வர்றவங்க அந்த நிழலில் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போறாங்க. அண்ணாமலையார் கோயிலுக்கே தல விருட்சம் மகிழமரம். மொட்டையா இருந்த மலைச் சரிவில் பல வருஷமா கன்னு நட்டு, தண்ணி ஊத்தி, கோடையில் தீ பரவாமல் தடுத்து மரமாக்கியிருக்காங்க. வெட்ட ஒரு மணி நேரம் போதும், வளர்க்கத்தான் வருஷக்கணக்கு.

"யார் தினமும் இலை பெருக்குவது? சேறாகாதா? பூச்சி பொட்டு வராதா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பெருக்குறது நாமதானே! அதனால் மூணு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, வேப்பமரத்தை விட்டுட்டுக் கட்டடத்தை அதுக்கேத்த மாதிரி தள்ளிப் போடலாம். ரெண்டு, வாசலிலிருந்து கட்டடம் வரைக்கும் நடக்கிற பாதைக்கு மட்டும் கல் பதிக்கலாம், வயசானவங்க வழுக்காமல் வரலாம். மீதி இடம் மண்ணாவே இருக்கட்டும், ஒரு ஓரத்தில் மழைநீர் குழி. மூணு, குழுவுக்கு ஒரு வாரம்னு முறை வெச்சுப் பெருக்கி, அந்த இலையை மூலையில் குழி தோண்டி எருவாக்கலாம்.

முழுக்க சிமெண்ட் போடுற செலவு மிச்சமாகும். அந்தப் பணத்தில் உள்ளே ஒரு கழிவறை கூடுதலா கட்டலாம். கூட்டத்துக்குக் கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு உதவும்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன். கட்டடம் முடியுற வரைக்கும் நாம கூடப் போறது அந்த வேப்பமரத்து அடியில்தான்.