தொப்பூர் இறக்கமும் கம்ப்யூட்டர் கணக்கும்

2020 டிசம்பர் 12 அன்று தொப்பூர்க் கணவாயில் கட்டுமீறி இறங்கிய சிமெண்ட் லாரி மோதி நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் மறுபடியும் நால்வர்.

"டிரைவரின் அஜாக்கிரதை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவோர் உண்டு, மறுக்கவில்லை. அந்த மிச்சத்தைக் கேட்பது யார்? வெவ்வேறு டிரைவர்கள் ஒரே இடத்திலேயே தவறுவானேன்?

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்ப்யூட்டர் விபத்துப் பதிவு 2021 முதல் நம் மாநிலத்திலும் நடக்கிறது. போலீசார் மோதிய இடத்திலேயே கைபேசியில் படத்தோடு பதிகிறார்கள். தனித்தனி வழக்குகள் ஒரே வரைபடத்தில் குவியும்போது சாலையின் சரிவும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது.

தப்பாகப் பதிந்தால் தப்பாகத்தான் விடை வரும். சாட்சி சொல்லும் தோழர்களே, இடத்தைச் சரியாகக் காட்டுங்கள். டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.