சொல்லின் எல்லை

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகளிற் சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. புள்ளியும் பெரும்பாலும் இல்லை. சொல் முடியுமிடத்தைப் புலமையே கண்டது. இன்று அப்பணி கணினியிடம் வந்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்து நூல்களிற் 'பனை'யைத் தேடுவார் 'கற்பனை'யையும் 'விற்பனை'யையும் சேர்த்தே பெறுவர். முழுச்சொல்லை மட்டும் பொருத்துவதற்கு, 'றெகுலர் எக்ஸ்பிறெஷன்' என்னும் தேடற்குறியீட்டில் எல்லைக்குறி ஒன்றுண்டு. வேடிக்கையைக் கேளுங்கள்: பைதன் மொழியின் வழக்கமான தேடற்கருவி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தென எண்ணுவதில்லை, அவற்றையொட்டியே எல்லை வகுக்கும். ஆதலால், தனித்து நிற்கும் 'பனை' அகப்படாது, 'கற்பனையில்' அகப்படும்! முன்னும் பின்னும் தமிழெழுத்தோ குறியோ வரலாகாதென வெளிப்படையாக விதித்தால் இக்குறை தீரும். அப்போதும் 'பனையின்', 'பனங்காய்' என்பன விடுபடும். அவற்றைத் தேடுவோரே தமிழறிந்து சேர்த்தல் வேண்டும்.