6/18 என்றால் மார்க் அல்ல

தாய்மார்களே, கண் பரிசோதனைச் சீட்டில் 6/18 என்றிருந்தால் அது மார்க் அல்ல. நல்ல பார்வையுள்ளவர் 18 மீட்டரிலிருந்தே வாசிக்கும் எழுத்தை, உங்கள் பிள்ளை 6 மீட்டருக்குள் வந்தால்தான் வாசிக்கிறது என்று பொருள். நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் வகுத்த முறை இது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கில 'ஈ' எழுத்தைக் காட்டுவார்கள். அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறதென்று கையால் காட்டினால் போதும்.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் கெட்டிக்காரர்கள் உண்டு, கவனியுங்கள்! ஒரு கண் மங்கினாலும் மற்றது சமாளித்துவிடும். பிள்ளை எதுவும் சொல்லாது. அந்தக் கண்ணை மூளை பயன்படுத்தாமலேயே விட்டுவிட்டால், வளர்ந்தபின் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளிவது கடினம். மூன்று, நான்கு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.