பாக்கு நீரிணையை அளந்த இளைஞர்

பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையிலுள்ள ஆழம் குறைந்த கடலை எங்கள் தண்டையல்மார் படமில்லாமலே அறிந்திருந்தார்கள். 1760களில் அதைக் காகிதத்தில் ஏற்ற முனைந்தவர் ஜேம்ஸ் ரென்னல்.

1742இல் இங்கிலாந்தின் டெவனில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையைப் போரில் இழந்தார். பதினான்கு வயதளவில் கடற்படையில் சேர்ந்தார். பாக்கு நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் அளந்தபோது அவருக்கு இருபதைச் சற்றே தாண்டிய வயது! கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கித்தான் அக்காலத்தில் ஆழம் பார்த்தார்கள். ஓர் அளவு பிழைத்தாலும் கப்பல் தரைதட்டும். எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை!

பிறகு வங்காளம் போனார். 1766இல் வாள்வெட்டுப்பட்டு உயிர்தப்பினார். மறுவருடமே அங்கு சர்வேயர் ஜெனரல் ஆனார். 1779இல் வங்காள வரைபடத் தொகுதி வெளிவந்தது.

முதுமையில் அவர் மனம் மீண்டும் கடலுக்கே திரும்பியது. அட்லாண்டிக் நீரோட்டங்கள் பற்றிய அவருடைய நூல், அவர் 1830இல் மறைந்த பின், 1832இல் வெளியானது.