பார்சிபாகான் சந்தில் ஒரு சங்கம்



சட்டம் படித்தவர் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்கிறார். மருத்துவம் படித்தவருக்கு மெடிக்கல் கவுன்சில். சான்றிதழ், விண்ணப்பம், கட்டணம், பதிவு எண் என்று நாலு வார்த்தையில் முடிகிற காரியம். உளப்பகுப்பாய்வாளர்களின் சங்கத்தில் சேரப் போகிறவருக்கு அப்படி முடிவதில்லை. பட்டமெல்லாம் இருக்கட்டும், உங்களை யார் பகுப்பாய்வு செய்தார் என்பதே அங்கே பெரிய கேள்வி.

வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல், ஆண்டுக்கணக்கில் நடக்கும் காரியம் அந்தப் பகுப்பாய்வு. மூத்த பகுப்பாய்வாளர் ஒருவர் தலைமாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். சேர வந்தவர் சாய்ந்து படுத்துக்கொண்டு மனதில் தோன்றியதைத் தோன்றியபடியே சொல்ல வேண்டும். மாமனார் மேல் உள்ள கோபமும் வரும். மூன்றாம் வகுப்பில் பக்கத்துப் பையனிடம் திருடிய பென்சிலும் வரும். பாட வகுப்புகளும், பெரியவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பதும், உறுப்பினராவதும் இதன் மேல் கட்டப்படுபவை. பிறர் மனதுக்குள் போகிறவர் தன் மனதுக்குள் ஒரு தடவையாவது விளக்கோடு போய் வந்திருக்க வேண்டாமா என்பது அவர்கள் நியாயம்.

1910இல் நியூரம்பர்க் நகரில் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய வியன்னா மருத்துவர் ஃபிராய்டும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியபோது இத்தனை கெடுபிடி கிடையாது. முதல் தலைவர் கார்ல் யுங். நாலே ஆண்டில், 1914இல், அவர் ஃபிராய்டோடு முறித்துக்கொண்டு தலைவர் பதவியை விட்டு விலகினார். மனித மனதை ஆராய்கிறவர்களின் சங்கத்திலும் மனஸ்தாபத்துக்குக் குறைவில்லை என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். பயிற்சி விதிகள் சர்வதேச அளவில் ஒழுங்குக்கு வந்தது 1925இல், ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க்கில் நடந்த மாநாட்டில்தான்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பே ஆசியாவிலிருந்து ஒரு சங்கம் உள்ளே நுழைந்துவிட்டது. பாரிஸ் சங்கம் பிறந்தது 1926இல், கல்கத்தா முந்திக்கொண்டது. இந்த உரையாளருக்குப் பிடித்த இடம் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் சாவகாசமாக உட்காருவோம்.

கல்கத்தாவில் பார்சிபாகான் சந்து, 14ஆம் எண் வீடு. அந்தச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸின் குடும்ப வீடு அது. இவர் பிறந்தது 1887இல்; தகப்பனார் தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். கிரீந்திரசேகர் 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மந்திர வித்தையிலும் மனோவசியத்திலும் ஆசை அதிகம். மருந்துக்கு மசியாத நோயாளிகளிடம் மனோவசியத்தைப் பரீட்சித்துப் பார்த்தார். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியலில் புதிதாகத் திறந்த வகுப்பில் சேர்ந்து, 1917இல் எம்.எஸ்ஸி. முடித்தார். அமுக்கப்பட்ட ஆசைகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1921இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வை நூலாக அச்சிட்டு, ஒரு பிரதியை வியன்னாவுக்குத் தபாலில் அனுப்பினார்.

ஃபிராய்டு பதில் போட்டார். இந்தத் துறையில் இந்தியாவிலிருந்து தமக்கு வந்த முதல் நூலே இவ்வளவு ஆழமாக இருக்கிறதே என்று வியந்திருந்தார். அன்றிலிருந்து 1937 வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை.

1922இல் அந்த வீட்டில் 15 பேர் கூடி இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்களும் மருத்துவர்களும். அப்போது சர்வதேசச் சங்கத்தின் தலைவர் லண்டனில் இருந்த எர்னஸ்ட் ஜோன்ஸ். அவர் வழியாக அதே ஆண்டில் இணைப்பும் கிடைத்தது. போஸ் யாரிடமும் பகுப்பாய்வு செய்துகொண்டவர் அல்ல. கல்கத்தாவில் அதற்கு ஆளும் இல்லை. ஃபிராய்டைப் போலவே தன்னைத் தானே ஆராய்ந்துகொண்டவர். பிறகு சேர்ந்தவர்களுக்குப் பகுப்பாய்வு செய்தவர் பெரும்பாலும் அவரேதான். 1925க்குப் பிறகு ஐரோப்பாவில் இப்படி ஒரு விண்ணப்பம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நேயர்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு படத்தின் கதை. போஸின் அண்ணன் ராஜசேகர் போஸ் வங்காளத்தின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். பரசுராம் என்ற புனைபெயரில் எழுதியவர், அகராதியும் தொகுத்தவர். அந்த வீட்டில் அரட்டைக் கச்சேரிக்கு என்றே ஒரு கூட்டம் சேரும். பரசுராமின் கதைகளுக்குப் படம் போட்ட ஜதீந்திர குமார் சென்னும் அந்த வட்டத்தில் ஒருவர். ஃபிராய்டின் புகைப்படத்தைக்கூடப் பார்க்காமல், இப்படித்தான் இருப்பார் என்று மனதில் நினைத்து ஒரு படம் வரைந்தார் சென். போஸ் அதை வியன்னாவுக்கே அனுப்பிவைத்தார்! படம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளைவிட அழகாகப் போட்டுவிட்டார்கள் என்று எழுதினார் ஃபிராய்டு. சீக்கிரம் என் புகைப்படம் வரும், ஒப்பிட்டுப் பாருங்கள், என் இனத்துக்குரிய சில அடையாளங்களை ஓவியர் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சேர்த்திருந்தார். தாம் யூதர் என்பதை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

சங்கத்தைத் தொடங்கிய அந்த 15 பேரில் இருவர் வெள்ளைக்காரர்கள். ஓவன் பெர்க்லி-ஹில் ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். கிளாட் டேலி ராணுவ அதிகாரி. சங்கம் தொடங்கிய 1922, காந்தி கைதான ஆண்டும்கூட. பெர்க்லி-ஹில் இந்துக்களின் மதமும் குணமும் கைக்குழந்தைப் பருவத்துக் கழிவறைப் பழக்கத்திலிருந்து வந்தவை என்று முந்தின வருடம்தான் கட்டுரை எழுதியிருந்தார். டேலி வங்கப் புரட்சியாளர்களின் ஆவேசத்தைக் காளி வழிபாட்டோடு முடிச்சுப் போட்டுப் பின்னாளில் எழுதினார். நாட்டு விடுதலை கேட்பது இவர்கள் கண்ணில் ஒரு நோய்க்குறி. இந்த இருவரும் போஸும் ஒரே சங்கத்து உறுப்பினர்கள். தலைவர் நாற்காலியில் போஸ். 1953இல் கண்மூடும் வரை அந்த நாற்காலி அவருடையதுதான். ஆளும் இனத்தவன் சாதாரண உறுப்பினராகவும் ஆளப்படுகிறவன் தலைவராகவும் இருந்த அமைப்புகளை அன்றைய கல்கத்தாவில் விரல்விட்டுத்தான் எண்ண வேண்டியிருந்திருக்கும்.

சங்கத்தில் சேர்ந்ததால் போஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என்று நினைக்க வேண்டாம். 1929இல் தம் கட்டுரைகளைக் கட்டாக ஃபிராய்டுக்கு அனுப்பினார். ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று மனதுக்குள்ளேயே கூடவே இருக்கிறது என்பது போஸின் கொள்கை. அடிக்க வேண்டும் என்று நினைக்கிறவனுக்குள் அடிபட வேண்டும் என்கிற நினைப்பும் கிடக்கும். ஆண்குறியை இழந்துவிடுவோமோ என்ற பயம் ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரிகிற அளவுக்குத் தம்முடைய இந்திய நோயாளிகளிடம் துலக்கமாகத் தெரியவில்லை என்றார். பெண்ணாக இருக்க வேண்டும் என்கிற ஆசை இந்திய ஆண்களிடம் சுலபமாக மேலே வந்துவிடுகிறது என்றும் எழுதினார். ஃபிராய்டுடைய கோட்டையின் நடுத்தூணிலேயே கை வைத்த மாதிரி. ஃபிராய்டு மரியாதையாகப் பதில் எழுதினார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. போஸும் மாற்றிக்கொள்ளவில்லை. யுங்கும், ஃபிராய்டின் ஆரம்பகாலச் சகாவான ஆட்லரும் கருத்து வேறுபாட்டால் வெளியே போனார்கள். போஸ் வேறுபட்டுக்கொண்டே உள்ளே இருந்தார். கடல் கடந்த தூரமும் இதற்கு உதவியிருக்கும் என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

1931 மே 6ஆம் தேதி ஃபிராய்டுக்கு 75 வயது. கல்கத்தா சங்கம் தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலையை அனுப்பியது. பாம்புப் படத்தின் கீழே விஷ்ணு. ஃபிராய்டுக்குப் பழைய சிலைகள் என்றால் உயிர்; அவருடைய மேஜையில் எகிப்தும் கிரேக்கமும் வரிசைகட்டி நிற்கும். அந்த மேஜையில் விஷ்ணுவுக்கும் மதிப்பான இடம் கிடைத்தது. தூர தேசங்களில் உளப்பகுப்பாய்வு பெற்ற வெற்றியை இது தமக்கு நினைவூட்டும் என்று நன்றிக் கடிதம் எழுதினார். அவர் எழுதிய தோரணை கிட்டத்தட்ட ஒரு படைத்தளபதியுடையது. கொஞ்ச நாளில் தந்தத்தில் விரிசல் விட்டது. கல்கத்தாவுக்குப் பழகிய சாமிக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தம் குறிப்பில் வேடிக்கையாக எழுதிவைத்தார். சிலை இப்போது லண்டன் ஃபிராய்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சங்கம் கடிதத்தோடு நிற்கவில்லை. 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை, 1947இல் சமீக்ஷா என்ற ஆய்விதழ். சிகிச்சை அறையிலும் தனி வழிதான்: பார்சிபாகானில் நோயாளி படுப்பதற்கு வியன்னா பாணிக் கட்டில் போடவில்லை, சாய்வு நாற்காலிதான்.

ஒலிப்பதிவு அறையின் கடிகாரம் முறைக்கிறது. மனித உறவுகள் என்ற இன்னொரு கிளையைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும்.

லண்டனில் 1947இல் டாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனம் பிறந்தது. உளப்பகுப்பாய்வு தனி ஆளின் மனதில் தேடியதை இவர்கள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் தேடினார்கள். இங்கேயும் இந்தியா வருகிறது. 1953இல் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 224 தறிகள், அவற்றுக்கு 12 வகை வேலைகள். யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதே தெரியாத குழப்பம். சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு முழுப் பொறுப்பு என்று வைத்தால் என்ன என்று பேச்சு எழுந்தது. மேற்பார்வையாளர்கள் யோசித்துக்கொண்டிருக்க, தொழிலாளர்கள் தாங்களே ஆள் பிரித்துப் பட்டியலோடு வந்து நின்றார்கள். மேலே இருப்பவர்களுக்கு இது நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கிளையில் பயிற்சி வேறு மாதிரி. 1957இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் தொடங்கிய மாநாடுகள்தான் அதன் தாய்வீடு. கல்கத்தா ஐ.ஐ.எம். 1970களில் அதே முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வட்டமாக நாற்காலிகள். ஆலோசகர் மணி அடித்தாற்போல் உள்ளே வருவார், உட்காருவார், வாயைத் திறக்க மாட்டார். அறிமுகம் இல்லை, வரவேற்புரை இல்லை. ஐந்து நிமிடம் மௌனம். யாராவது ஒருவர் இருமுவார். இன்னொருவர், சார், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். பதில் வராது. சிறிது நேரத்தில் ஒருவர் தலைவராகிவிடுவார், இன்னொருவர் அவரை எதிர்ப்பார், மூன்றாமவர் கடுப்பில் ஜன்னலைப் பார்ப்பார். அப்போதுதான் ஆலோசகர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். நேரம் முடிந்ததும், யாராவது பாதி வாக்கியத்தில் இருந்தாலும், எழுந்து போய்விடுவார். நம் வீட்டுக் கூட்டங்களிலும் அலுவலகக் கூட்டங்களிலும் நடப்பதை வெறும் நாற்காலிகளோடு பிரித்துக் காட்டுகிற ஏற்பாடு இது.

ஆர்வம் வந்த நேயர்கள் யாராவது இந்தச் சங்கங்களில் ஒன்றின் கதவைத் தட்டினால் இந்த உரையாளருக்குச் சந்தோஷம். தட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி எத்தனை ஆண்டு, தனிப் பகுப்பாய்வுக்கு மாதம் எவ்வளவு ஆகும், பகுப்பாய்வாளர் உங்கள் ஊரில் இருக்கிறாரா, எந்த மொழியில் பேசலாம். கடைசிக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் பேசப் போவது நீங்கள்தானே.