வாசிகசாலையில் ஒரு நாவல்



கிளிநொச்சிக்கு மேற்கே, அக்கராயன் பக்கத்துச் சனசமூக நிலையமொன்றில் ஞாயிறு தோறும் பின்னேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கம் உண்டு. கண் மங்கியவர்களும் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்களுமே பெரும்பாலும் வருவார்கள். அன்று வாசிக்கும் முறை என்னுடையது. தாமரைச்செல்வியின் ‘உயிர்வாசம்’ நாவலைக் கையில் தந்தார்கள்.

தாமரைச்செல்வியை வன்னி நேயர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பரந்தன் குமரபுரத்தவர். ‘சுமைகள்’, ‘தாகம்’, ‘பச்சை வயல் கனவு’ முதலிய நாவல்களைத் தந்தவர். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது, தாமும் பெயர்ந்து, பெயர்ந்தவர்களின் கதைகளையும் எழுதியவர். பின்னாளில் அவுஸ்திரேலியாவிற்குக் குடிபெயர்ந்தார். 2019 இல் வெளிவந்த ‘உயிர்வாசம்’ படகேறி அந்த நாட்டுக்குப் போன எம்மவர்களைப் பற்றியது.

உண்மையைச் சொன்னால், அதை வாசிக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை. படகில் போனவர்கள் மீது எனக்கு ஒரு கோபம். மெனிக்பாம் முகாமிலிருந்து மீண்டு வந்து, தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, காணியையும் தாலிக்கொடியையும் ஈடுவைத்து முகவர்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்களே என்ற கோபம். 2012 இல் என் தங்கையின் மகனும் அப்படித்தான் புறப்பட்டான். முதல்நாள் மாலை சொல்லிக்கொண்டு போக வந்தவனை நான் படலையிலேயே மறித்து, “ஓடுறவனுக்கு என்னடா ஆசீர்வாதம்?” என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பினான்.

அதன்பின் அவனோடு நான் கதைத்ததில்லை.

கதையை இங்கே சொல்லிவிட நான் விரும்பவில்லை. நூலைத் தேடி வாசியுங்கள். கடற்பயணம் வருகின்ற இடத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, முன்வாங்கிலிருந்த ஆச்சி ஒருவர் கையைக் காட்டினார்.

“மோனை, கொஞ்சம் நிப்பாட்டு. அவையளுக்குக் குடிக்கத் தண்ணி இருந்ததோ?”

“அது கதைதானே ஆச்சி” என்றான் பின்னாலிருந்த பொடியன் ஒருவன்.

“கதையெண்டால் தண்ணி விடாய்க்காதோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆச்சி மாத்தளனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 2009 மாசி, பங்குனி. கடற்கரை மணலைத் தோண்டினால் ஊறுகின்ற உவர்த்தண்ணீர். அதற்கும் வரிசை. வரிசைக்குள்ளும் செல் விழும். பேத்திக்குச் சீலைத் துண்டை நனைத்து உதட்டில் வைத்தாராம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புத்தகம் என் மடியில் திறந்தபடி கிடந்தது. மாத்தளனில் எனக்குக் காலில் காயம். பங்கருக்குள் கிடந்த எனக்கு, இரவில் ஊர்ந்து போய் ஐந்து லீற்றர் கானில் தண்ணீர் கொண்டுவந்து தந்தவன் யார்? அந்த மருமகன்தான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. இதை நான் மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். படலையில் நின்று அவனைப் பேசிய அன்று மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை.

நாட்டுக்குள் அலைந்த எங்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்று பதிவு செய்தார்கள்; நிவாரண அட்டை தந்தார்கள். கடலைத் தாண்டியவன் அகதி. 2013 யூலை 19 இற்குப் பின்னர் படகில் வருபவர்களைத் தன் நாட்டில் குடியேற்றுவதில்லை என்று அவுஸ்திரேலியா அறிவித்தது. மானஸ், நவுறு தீவுகளில் பலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். மருமகன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். இருந்தும் தற்காலிக விசாவில்தான் நெடுங்காலம் இருந்தான் என்று தங்கை சொல்லுவாள். நான் காது கொடுத்ததில்லை.

எழுத்தாளர் மாத்தளனை நினைத்து அந்தப் பகுதியை எழுதினாரோ என்னவோ, ஆச்சி அதை மாத்தளனாகவே கேட்டார். ஆச்சி வாய் திறந்திராவிட்டால் நான் அந்தப் பக்கத்தை ஒழுங்காக வாசித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அன்றிரவு தங்கையிடம் இலக்கத்தை வாங்கித் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, இந்தமுறை இரணைமடு வான் பாஞ்சதோ?” என்றான். பாய்ந்தது என்றேன். அதற்குமேல் எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“தம்பி, கடல்லை உங்களுக்குத் தண்ணி இருந்ததோ?”

“முதல் ஒன்பது நாளும் இருந்தது, மாமா” என்று அவன் சொல்லத் தொடங்கினான். அங்கே விடியும் நேரமாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசிகசாலையில் அந்த நாவல் இன்னும் முடியவில்லை. வரும் ஞாயிறும் தொடருகிறோம்.